ஃபைனல் கட் புராணம்

அதிதிக்குப் பிறந்தவர்கள் தேவர்கள், திதிக்குப் பிறந்தவர்கள் அசுரர்கள். இரண்டு கோஷ்டிக்கும் அப்பா ஒருவர்தான், காசியபர். வீடியோ எடிட்டிங் உலகின் காசியபர் பெயர் ராண்டி உபில்லோஸ். 1991-இல் அடோபி வெளியிட்ட பிரீமியரை உருவாக்கியவர் அவர். பிறகு மேக்ரோமீடியாவுக்குப் போய், சொந்தப் பிள்ளைக்கே போட்டியாக இன்னொன்றை எழுதினார். அதை 1998-இல் ஆப்பிள் தத்தெடுத்துக்கொண்டது. மறு ஆண்டு ‘ஃபைனல் கட் ப்ரோ’ என்று நாமகரணம் ஆகி 999 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அன்று முதல் இரண்டு முகாம்களும் போடும் யுத்தத்தைப் பங்காளிச் சண்டை என்றுதான் சொல்ல வேண்டும்.

அவிட் என்ற தொழில்முறை எடிட்டிங் சாதனத்தை வாங்க வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்த காலம் அது. ‘அபோகலிப்ஸ் நவ்’ புகழ் எடிட்டர் வால்டர் மர்ச் 2003-இல் ‘கோல்ட் மவுன்டன்’ படத்தை ஃபைனல் கட்டில் வெட்டி ஆஸ்கர் பரிந்துரை வரை போனதும், சின்ன எடிட்டர்களுக்கெல்லாம் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஆனால் 2009-இல் ஏழாம் பதிப்பு வந்ததோடு ஆப்பிள் வாயை மூடிக்கொண்டது. மென்பொருள் 32 பிட். கம்ப்யூட்டரில் எத்தனை மெமரி போட்டாலும் நாலு ஜிபிக்கு மேல் தொடாது, விரதம். ஒரு காட்சி இன்னொன்றில் கரையும் டிஸால்வ் போட்டால், அதைக் கணக்கிட்டுத் தயாரிக்கும் ரெண்டர் பட்டை நகர ஆரம்பிக்கும். எடிட்டர் எழுந்து காபி குடிக்கப் போவார். திரும்பி வந்தால் அது ஒரு விரற்கடை நகர்ந்திருக்கும்.

இந்தத் தவத்துக்கு வரம் கிடைத்த நாள் 2011 ஏப்ரல் 12. இடம், லாஸ் வேகாஸ். சூதாட்டம் ஆடப் போகிறவர்களைவிட அதிகப் பரவசத்தோடு எடிட்டர்கள் கூடும் ‘சூப்பர்மீட்’. மேடையில் பேச நேரம் வாங்கியிருந்த மற்ற கம்பெனிகளை ஒதுக்கிவிட்டு மாலை முழுவதையும் ஆப்பிள் எடுத்துக்கொண்டது. உபில்லோஸும் சகாக்களும் வந்து ‘ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ்’ என்ற புதிய பதிப்பைக் காட்டினார்கள். 64 பிட் என்றார்கள், கைதட்டல். இனி ரெண்டர் பின்னணியில் தானாக நடக்கும் என்றார்கள், விசில். காந்த டைம்லைன் என்றார்கள்; ஒரு ஷாட்டை உருவினால் பின்னால் இருப்பவை தாமாகவே நகர்ந்து ஒட்டிக்கொண்டன, கூச்சல். விலை 299 டாலர் என்றார்கள். அதற்கு மேல் அரங்கில் காது கேட்கவில்லை.

திரையில் ஓடியது எல்லாம் வரவுக் கணக்கு. பற்றுக் கணக்கை எந்தக் கம்பெனி திரையில் போட்டிருக்கிறது? வரப்போகும் வசதிகளின் பட்டியல் வெளியாகும். போகப்போகும் வசதிகளின் பட்டியலை வாங்கியவன்தான் தயாரிக்க வேண்டும்.

அதைத் தயாரிக்கும் பணி, எக்ஸ் விற்பனைக்கு வந்த ஜூன் 21 அன்று தொடங்கியது. இறக்கினார்கள், திறந்தார்கள். முதல் காரியமாக பழைய புராஜெக்டைத் திறக்கப் பார்த்தார்கள். திறக்கவில்லை. ஏழாம் பதிப்பு வரை வெட்டிய பத்து வருட உழைப்பை எக்ஸ் அடையாளமே தெரியாது என்றுவிட்டது. ஆனால் வீட்டு வீடியோ வெட்டும் ஐமூவியின் புராஜெக்ட் சமர்த்தாகத் திறந்தது! மர்ச் வெட்டிய படம் உள்ளே வராது, மச்சானின் காதுகுத்து வரும். ‘ஐமூவி ப்ரோ’ என்று அன்றே பட்டப்பெயர் விழுந்தது.

பல கேமரா காட்சிகளை ஒருசேர வெட்டும் மல்ட்டிகேம் இல்லை. வெட்டுப் பட்டியலை வேறு மென்பொருளுக்கு அனுப்பும் இடிஎல் இல்லை, எக்ஸ்எம்எல் இல்லை. ட்ராக் என்பதே இல்லை. வசனம் முதல் இரண்டு ட்ராக்கில், இசை கடைசி இரண்டில் என்று பூஜையறை மாதிரி அடுக்கி வைத்தவர்களுக்கு இது தாங்குமா? ஒலிக்கலவைக்கு அனுப்ப வேண்டிய ஓஎம்எஃப் கோப்பும் வெளியே வராது. அதற்கென்று ஆட்டோமேட்டிக் டக் என்ற வேறொரு கம்பெனி 495 டாலருக்குத் தனி மென்பொருள் விற்றது. சாப்பாடு 299, பரிமாறும் கரண்டி 495. பழையதே போதும் என்று திரும்பிப் பார்த்தால், அதே நாளில் ஏழாம் பதிப்பைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரலில் தட்டிய அதே கைகள் ஜூனில் ஆப்பிளுக்கு எதிரான மனுவில் கையெழுத்துப் போட்டன. சிலர் பணத்தைத் திருப்பி வாங்கினார்கள். அமெரிக்க டிவி தொகுப்பாளர் கோனன் ஓப்ரையனின் எடிட்டர்கள் புதிய மென்பொருளை வாயாரப் புகழ்வதாக ஒரு நையாண்டி வீடியோ செய்து அவருடைய நிகழ்ச்சியிலேயே போட்டார்கள். புகழ்ச்சி வாயில், கோணல் வெட்டுகள் திரையில்.

இதில் வேடிக்கை என்னவென்றால் முன்னோட்டம் நாலு வருடத்துக்கு முன்பே ஓடிவிட்டது. 2007-இல் இதே உபில்லோஸ் ஐமூவியைப் புதிதாக எழுதி, இதே போல டைம்லைனைத் தூக்கிக் கடாசியிருந்தார். சனம் கத்தியது, ஆப்பிள் பழைய பதிப்பை இலவசமாகக் கொடுத்துச் சமாளித்தது. ஐமூவி ஆட்களின் அழுகையைத் தொழில்முறை எடிட்டர்கள் காதில் வாங்கவில்லை. அது குழந்தைகள் சமாசாரமாம்.

பழைய புராஜெக்டுகளை மாற்ற வழியே இல்லை என்று ஆப்பிள் விளக்கம் சொன்னது. 2012 ஜனவரியில் ஒரு குட்டிக் கம்பெனி அதைச் செய்து காட்டி, பத்து டாலருக்கு விற்றது. அதே மாதம் எக்ஸில் மல்ட்டிகேமும் வந்தது, அதுவும் பழையதைவிடச் சிறப்பாக. ஆனால் கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளைகள் அதற்குள் எதிர்வீட்டில் விருந்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஃபைனல் கட்டை விட்டு வருவோருக்குப் பாதி விலை என்று அடோபி பந்தல் போட்டிருந்தது. ஜிலேபி ஜோர்.

2013 மே மாதம் அடோபி வாழை இலையைச் சுருட்டியது. இனி பெட்டி விற்பனை கிடையாது, மாத வாடகைதான் என்றது. மறுபடி மனு, மறுபடி கையெழுத்து, பேனாகூட மாறியிருக்காது. ஆப்பிளிடம் 299 டாலர் கொடுத்துத் திட்டிக்கொண்டே தங்கியவர்களோ பத்து வருடத்துக்கும் மேல் சல்லிக்காசு கூடத் தராமல் புதுப் பதிப்புகளை வாங்கிக்கொண்டிருந்தார்கள். திட்டுவதை நிறுத்தினார்களா என்றால், அது வேறு விஷயம். மர்ச்சும் வேறு மென்பொருளுக்குப் போய்விட்டார். உபில்லோஸ் 2015-இல் ஆப்பிளிலிருந்து ஓய்வு பெற்றார்.

2020-இல் ‘பாரசைட்’ ஆஸ்கரைக் கலக்கியது. அதன் எடிட்டர் யாங் ஜின்-மோவும் எடிட்டிங் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டார். எதில் வெட்டினார் என்று விசாரித்தால், ஃபைனல் கட் ப்ரோ ஏழு. கடையிலிருந்து எடுத்து எட்டு வருடமான அதே ஏழு. அதில் அடுத்து என்ன வரப்போகிறது, எது காணாமல் போகப்போகிறது என்ற கவலை அந்த ஆண்டு பரிந்துரையில் இருந்தவர்களில் அவருக்கு மட்டும் இருந்திருக்காது.