டென்ஸ் மாஸ்டர்

டென்ஸ் மாஸ்டர் ஊருக்கு ஒருவர் இருப்பார். ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி, குறுகலான இரும்புப் படிக்கட்டு, ஏறினால் ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ என்று ஃபிளெக்ஸ் போர்டு. உள்ளே யாரும் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். பேச்சு கடைசி மாதத்தில்தான் என்பது மாஸ்டரின் பாடத்திட்டம். அதற்குள் பாதிப் பேர் நின்றுவிடுவதால் அவருக்கும் சங்கடமில்லை, அவர்களுக்கும் இல்லை.

மாஸ்டருக்கு முழுக்கைச் சட்டை. பையில் நீல மார்க்கர் ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. மேசைமேல் அட்டை கிழிந்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம். அந்த ரென், பிரெஞ்சு அந்நியர் படையை வைத்து 1924-ல் ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலை எழுதிய அதே ஆள்தான். இதை மாஸ்டரிடம் சொன்னால் நம்ப மாட்டார். ரென் கதை எழுதினார் என்பதே அவருக்கு அபவாதம்.

சொந்த வாழ்க்கையில் மாஸ்டர் பொய் சொல்லாதவர். கடன்காரன் வந்தாலும் வீட்டில் இருப்பதாகவே சொல்வார். அப்பேர்ப்பட்டவரின் வகுப்பில் நாளொன்றுக்கு நோட்டு நோட்டாகப் பொய் உற்பத்தியாகிறது. காரணம், பாசிட்டிவ் வாக்கியத்தை நெகட்டிவ் ஆக்கும் பயிற்சி. சிம்பிள் பிரசென்ட்டுக்கு உதாரணம் என்றால் உலக உண்மைகளாகத்தான் கொடுக்க வேண்டும் என்பது இலக்கணக்காரர்களின் பிடிவாதம். சூரியன் கிழக்கில் உதிக்கிறது, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது, பூமி சூரியனைச் சுற்றுகிறது. “இப்ப எல்லாத்தையும் நெகட்டிவ் ஆக்கு” என்பார் மாஸ்டர். அவ்வளவுதான். ‘த சன் டஸ் நாட் ரைஸ் இன் த ஈஸ்ட்.’ ‘தி எர்த் டஸ் நாட் கோ ரவுண்ட் த சன்.’ கலிலியோ பாடுபட்டதெல்லாம் ஒரு ‘டஸ் நாட்’டில் போயிற்று.

சிம்பிள் பாஸ்ட் வந்தால் நிலைமை இன்னும் மோசம். இந்தியா 1947-ல் சுதந்திரம் பெறவில்லை. ராமன் ராவணனைக் கொல்லவில்லை. பேரன் இதைச் சத்தம் போட்டு மனப்பாடம் செய்வதைக் கேட்டு, அடுப்படியிலிருந்து பாட்டி ஓடி வருகிறாள்: “கொல்லலையா? யாருடா சொன்னது?” “டென்ஸ் மாஸ்டர், பாட்டி.” கொலம்பஸ் 1492-ல் அமெரிக்காவைக் கண்டுபிடிக்கவில்லை என்பதும் அந்த வரிசையில் உண்டு. அங்கே ஏற்கெனவே ஜனங்கள் குடியிருந்ததால், மாஸ்டரின் நெகட்டிவ்களில் ஓரளவு நியாயம் உள்ளது அது ஒன்றுதான். அதுவும் தற்செயல்.

இஸ், ஆம், ஆர், கேன், வில் எல்லாம் மாஸ்டருக்குச் சலிப்பு. பக்கத்தில் ஒரு ‘நாட்’டைப் போட்டால் முடிந்தது. இதில் கற்பிக்க என்ன இருக்கிறது? அவர் முகம் மலர்வது டூ, டஸ், டிட் மூன்றுக்கும்தான். ‘ஹி டஸ் நாட் கோஸ்’ என்று ஒருவன் எழுத வேண்டியதுதான் தாமதம், எழுந்து நின்றுவிடுவார்.

“தம்பி, ஒரு வீட்டுக்கு எத்தனை ரேஷன் கார்டு?”

“ஒண்ணு சார்.”

“டஸ் ஏற்கெனவே ஒரு எஸ்ஸை வாங்கிடுச்சு. அப்புறம் கோ எதுக்குடா போய் கியூல நிக்குது?”

டிட்டுக்கும் இதே நியாயம். இறந்த காலத்தை டிட் வாங்கிக்கொண்ட பிறகு வினையின் இரண்டாம் வடிவமான ‘வி டூ’வுக்கு வேலையில்லை. வென்ட் மறுபடி கோ ஆகிவிட வேண்டும்.

இதற்கு இத்தனை பாடு தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம். ‘போனேன்’ என்பதில் காலமும் இருக்கிறது, ஆளும் இருக்கிறது. ‘போகவில்லை’ என்றதும் இரண்டும் கழன்றுவிடுகின்றன. நான், நீ, அவர்கள் எல்லாருக்கும் அதே ‘போகவில்லை’தான். மறுக்கும்போது வினையை மொட்டையாக்குகிற வித்தையைப் பிறந்தது முதல் செய்துவருகிற பிள்ளைகள் இவர்கள். ஆனால் இங்கிலீஷ் வகுப்பில் தமிழ் இலக்கணம் பேசுவது மாஸ்டருக்குத் தீட்டு. ஷேக்ஸ்பியர் காலத்தில் ‘ஐ நோ நாட்’ என்று டூவே இல்லாமல் மறுக்கிற வழக்கம் தாராளமாக இருந்தது என்பதையும் அவர் சொல்ல மாட்டார். சொன்னால் இரண்டு மாத ஃபீஸ் போய்விடும்.

வீட்டிலும் மனிதர் மாறுவதில்லை. “என்னங்க, கேஸுக்குச் சொன்னீங்களா?” என்று அம்மாள் கேட்டால், “ஐ டிட் நாட் டெல்” என்று நிதானமாகப் பதில் வரும். வாக்கியம் சரியாக அமைந்த திருப்தியில், சிலிண்டர் தீர்ந்துபோன விஷயம் அவர் காதில் விழாது.

ஃபீஸ் பாக்கி வைத்த ஒரு பையன் இந்தப் பலவீனத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டான். சொந்தமாக வாக்கியம் எழுதச் சொன்ன அன்று, ‘ஐ டிட் நாட் பெய்ட் த ஃபீஸ்’ என்று எழுதி நீட்டினான். மாஸ்டருக்குக் கை துடித்தது. ‘பெய்ட்’டைச் சிவப்பில் வட்டமிட்டு, ரேஷன் கார்டு முதல் ஆரம்பித்து, போர்டு நிறைய எழுதி விளக்கினார். பையன் பவ்யமாகத் திருத்திக் கொண்டுவந்தான்: ‘ஐ டிட் நாட் பே த ஃபீஸ்.’

“வெரி குட்! இப்ப இதுக்குப் பாசிட்டிவ்?”

‘ஐ பெய்ட் த ஃபீஸ்.’

மாஸ்டர் பெரிய டிக் ஒன்று போட்டு, கீழே தேதியுடன் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.