டிக் அண்ணன்

காரிமங்கலத்தில் ஓட்டுப்பதிவு அன்று, வாக்குச்சாவடியிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு மேசை, இரண்டு நாற்காலி. தேர்தல் ஆணையம் கட்சிக்காரர்களுக்கு அனுமதிப்பது அவ்வளவுதான். அதில் ஒரு நாற்காலி எங்கள் ஊர் டிக் அண்ணனுக்கு. கூட்டணி எத்தனை முறை மாறினாலும் நாற்காலி மாறாது.

கையில் ஒரு அடி ஸ்கேல், சிவப்புப் பேனா, எதிரே வாக்காளர் பட்டியல். வெள்ளைச் சீட்டில் வரிசை எண் எழுதிக் கொடுப்பார். சீட்டில் சின்னம் இருக்கக் கூடாது என்பதால் சின்னத்தைக் கண்ணாலேயே சொல்லிவிடுவார். திரும்பி வருகிறவரின் விரலில் மையைப் பார்த்தால் ஒரு டிக். இறந்தவர் பேருக்கு ஸ்கேல் வைத்து நேர்க்கோடு. “பெரியம்மா போயி மூணு வருசம் ஆச்சு, லிஸ்ட்ல மட்டும் நல்லாருக்குது” என்று ஒரு வரி அஞ்சலி.

பத்து மணிக்கு மேல் போன். பெங்களூர், ஓசூர் வேலைக்குப் போன பையன்கள்தான் இலக்கு.

“எங்கடா வர்ற?”

“கிருஷ்ணகிரி தாண்டிட்டேண்ணா.”

மத்தியானம் கேட்டாலும் கிருஷ்ணகிரியைத்தான் தாண்டிக்கொண்டிருப்பான். அங்கிருந்து காவேரிப்பட்டணம், அடுத்தது நம்ம ஊர். இவ்வளவு நேரமா தாண்டுவான்? அடுத்த போன் அவன் அம்மாவுக்கு: “அத்த, உம் பையன் இன்னும் ரூம்லதான் தூங்கறான்.” சாயங்காலத்துக்குள் பையன் வரிசையில் நிற்பான். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிகமாக எங்கள் தருமபுரி தொகுதியில் 81.20 சதவீதம் பதிவானது. அதில் அத்தைகளுக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி.

ஓட்டுப்பதிவு முடிந்து ஏஜெண்டு 17சி படிவத்தோடு வெளியே வருவார். அதில் உள்ள மொத்த ஓட்டு அண்ணனின் டிக்கோடு ஒன்றிரண்டு முன்னே பின்னே பொருந்திவிடும். யார் போட்டார்கள் என்பது அண்ணனுக்கு அத்துப்படி. யாருக்குப் போட்டார்கள்? விவிபேட் கண்ணாடிக்குள் சீட்டு தெரிகிற அந்த ஏழு விநாடி மட்டும்தான் ஊரில் அவர் எட்டிப் பார்க்க முடியாதது. ஆகவே டீக்கடையில் ஆளைப் பார்த்துக் கணக்குச் சொல்வார். 2024-ல் திமுககாரரிடம் “மணி வந்துருவாரு”. பாமககாரரிடம் “சௌமியாம்மாதான், எழுதி வச்சுக்கோ”. அதிமுககாரரிடம் “பழைய ஓட்டு எங்க போயிரும்?” ஓட்டு எண்ணிய ஜூன் 4 அன்று திமுகவின் ஆ.மணி, பாமகவின் சௌமியா அன்புமணியை 21,300 ஓட்டு வித்தியாசத்தில் வென்றதும், “நான் அன்னிக்கே சொன்னனா இல்லியா?” என்றார். சொன்னார்தான்.

காரிமங்கலம் பட்டியலில் பேர் உள்ள பெங்களூர்த் தம்பிகளே, அடுத்த தேர்தலுக்கு முந்தின ராத்திரியே பஸ் ஏறிவிடுங்கள். அம்மாவுக்குப் போன் போனால் சமாளிக்க முடியாது.