டீக்கு நடந்த தூரம்

மருமகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற நாட்களில், மணிக்கு ஒருமுறை அவள் கையில் கட்டியிருக்கும் கடிகாரம் உறுமுகிறது. உடனே கணினியை விட்டு எழுந்து, கூடத்துக்கும் சமையலறைக்குமாக நாலு நடை நடந்துவிட்டு மறுபடி போய் உட்கார்ந்துகொள்கிறாள். பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கிற அவளுடைய கம்பெனி, ஊழியர் நல்வாழ்வுக்கென்று நடத்துகிற திட்டமாம். நடக்கிற அடிகளுக்குப் புள்ளி உண்டு, புள்ளி சேர்ந்தால் பரிசுக் கூப்பன் உண்டு. “நடக்கறதுக்குக் காசு குடுக்கறாங்க மாமா” என்று அவள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னாலேயே ஒரு குறுகுறுப்பும் வந்தது. ஆட்களை நடக்கவிடாமல் செய்ததற்காக ஒரு கம்பெனியிடம் காசு வாங்கியவன் நான்.

1981. அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனி. பெயர் எதற்கு, இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. டைம் ஆபீஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது எனக்கு 22 வயது. பட்டரவாக்கம் ஸ்டேஷனில் மின்சார ரயிலை விட்டுக் குதித்து, தண்டவாளத்தைத் தாண்டி, கையில் தூக்குச்சட்டி ஆட ஆட ஓடி வருகிறவர்கள் சங்கு நிற்பதற்குள் கார்டை நேரப்பதிவு இயந்திரத்தில் செருகிவிட வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் அந்த இயந்திரம் நேரத்தைச் சிவப்பு மையில் குத்தும். அந்தச் சிவப்பைக் கண்டால் எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி, இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஊரில் ஐந்து ஏக்கர் இருந்தும் குத்தகைக்காரரை ஒரு சொல் அதட்டத் தெரியாத அப்பாவின் பிள்ளைக்கு, முந்நூறு பேரை ஒரு பேனாவால் அதட்டுகிற பதவி!

என் முதுகுக்குப் பின்னால் சுவரில், 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் சுருக்கம் தமிழிலும் ஆங்கிலத்திலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். அப்படித் தொங்கவிட வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தின் உத்தரவுதான். வேலையில்லாத மத்தியானங்களில் அதைக் கதைப் புத்தகம் மாதிரி படிப்பேன். வாரத்துக்கு 48 மணி நேரம். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணியாவது ஓய்வு. 250 பேருக்கு மேல் போனால் கேன்டீன். இவை போகட்டும். குடிதண்ணீர் வைக்கிற இடம் கக்கூசிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும், எச்சில் துப்பத் தொட்டி வைக்க வேண்டும், தொட்டியை விட்டு வேறெங்காவது துப்பினால் ஐந்து ரூபாய் வரை அபராதம், நின்றே வேலை செய்கிறவர் இடையில் நேரம் கிடைத்தால் உட்கார்ந்துகொள்ள இருக்கை போட வேண்டும் என்றெல்லாம்கூட எழுதியிருந்தது. எச்சிலுக்கும் நாற்காலிக்குமா பார்லிமெண்டைக் கூட்டினார்கள் என்று நானும் கணக்குப் பிரிவு நண்பனும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். நாங்கள் இரண்டு பேரும் அப்போது உட்கார்ந்துகொண்டுதான் சிரித்தோம்.

கேன்டீன் காம்பவுண்டின் அந்தக் கோடியில், தூங்குமூஞ்சி மரத்தடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையோடு இருந்தது. பிரஸ் ஷாப்பிலிருந்து அங்கே போக நாலு நிமிஷம், வர நாலு நிமிஷம். காலை பத்து மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் சங்கு ஊதினதும் நீலச் சட்டைகள் அந்த மண்பாதையில் ஒரு ஊர்வலம் போலப் போகும். பத்துப் பைசா டோக்கனுக்கு ஒரு டம்ளர் டீ. டீ என்றால் என்ன டீ, சூடும் சர்க்கரையும்தான். ஆனால் அந்த டீக்காக யார் போனார்கள்? ஏலச்சீட்டு அந்த நடையில்தான் கைமாறியது, பெண்ணுக்கு மாப்பிள்ளை அந்த நடையில்தான் விசாரிக்கப்பட்டான், போனஸ் 8.33 சதவீதத்தில் நிற்குமா இருபதுக்குப் போகுமா என்று தொழிற்சங்கச் செயலாளர் வாயிலிருந்து பிடுங்கியதும் அந்த நடையில்தான். லேத்தில் ஒரு பெரியவர் இருந்தார், ஆறாம் வகுப்பு வரை படித்தவர். உள்ளே இன்ஜினீயர்கள் ஒரு மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த, பாகத்தைப் பிடித்து நிறுத்துகிற ஒரு ஜிக்கை, கேன்டீன் மேசையில் சிந்திய டீயில் விரலைத் தோய்த்து அவர் வரைந்து காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். எதிரே இருந்த மில்லிங்காரர் “இங்க ஒரு ஊசி போடு” என்றார். அடுத்த வாரம் அந்த ஜிக் வேலை செய்தது, இன்ஜினீயருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

அந்தக் காலத்தில் ஜப்பான் ஜப்பான் என்று ஒரு காற்று. ஒவ்வொரு கம்பெனியிலும் சுவரில் ஒரு பச்சைப் பெட்டி மாட்டி, யோசனைகளைப் போடுங்கள் என்றார்கள். லேத் பெரியவர் அதில் எதையும் போட்டதில்லை, எழுதுவது அவருக்குச் சிரமம். எனக்கு எழுத வரும், கணக்கும் வரும். போகவர எட்டு நிமிஷம், 312 ஆட்கள், காலையும் மாலையும்: நாளொன்றுக்கு 83 மணி நேரம், அதாவது பத்து ஆள் வேலை மண்பாதையில் கொட்டுகிறது. ஆகவே டீயைத் தள்ளுவண்டியில் வைத்து மெஷினுக்கே கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன? முத்து முத்தான கையெழுத்தில் எழுதிப் போட்டேன். குடியரசு தினத்தன்று கொடியேற்றிவிட்டு மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கைகுலுக்கி, 25 ரூபாயும், கம்பெனி பெயர் புள்ளி புள்ளியாகப் பொறித்த ஒரு எவர்சில்வர் டம்ளரும் கொடுத்தார். முந்நூறு பேரும் கைதட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் தட்டினார்கள்.

தெரிந்தது மறுமாதம். தள்ளுவண்டி கடகடவென்று வந்தது. ஆளுக்கு ஒரு டம்ளர். இடது கையில் டீ, வலது கையில் லீவர். பாதையில் புல் முளைத்தது. என்னை யாரும் திட்டவில்லை, அது இன்னும் மோசம். கார்டு குத்த வரும்போது லேத் பெரியவர் மட்டும், “இருபத்தஞ்சு ரூவா டீ நல்லாருக்கு, டைம் ஆபீசு” என்பார். என் பெயரை அவர் கடைசிவரை சொன்னதேயில்லை.

பிறகுதான், அதுவும் ரிட்டையரான பிறகுதான், நிமிஷங்களின் சரித்திரத்தை ஒழுங்காகப் படித்தேன். 1918-இல் பெரம்பூரில் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளிகள் அவரிடம் சொன்ன பெரிய குறைகளில் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு விடுகிற நேரம் போதவில்லை என்பது. அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. திரு.வி.க. போன்றவர்கள் மேடை மேடையாகப் பேசியதும் இப்படிப்பட்ட நிமிஷங்களுக்காகத்தான். அவர்கள் வாங்கிக் கொடுத்ததில் எட்டை நான் திருப்பிக் கொடுத்துவிட்டு டம்ளர் வாங்கிக்கொண்டேன்.

இப்போது எல்லாம் மாறிவிட்டது என்கிறார்கள், மாறித்தான் இருக்கிறது. 29 தொழிலாளர் சட்டங்களை நாலு தொகுப்பாக உருட்டி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறை என்று அறிவித்துவிட்டார்கள். நான் கதைப் புத்தகமாகப் படித்த 1948 சட்டமும் அந்த உருட்டலில் கரைந்துபோனது. கேன்டீனுக்கு இனி 250 தலை வேண்டாம், 100 போதும். நல்ல செய்திதான். நாங்கள் சிரித்த நாற்காலியோ, ஜவுளிக்கடையில் பகல் முழுக்க நிற்கிற பெண்களுக்கு நம் மாநிலத்தில் 2021-இல்தான் சட்டமாக வந்து சேர்ந்தது. ஒரு நாற்காலி ஆலையிலிருந்து ரங்கநாதன் தெருவுக்கு வர எழுபத்துச் சொச்சம் வருஷம், நடந்தேதான் வந்திருக்க வேண்டும். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடுகிற திருத்தம் சட்டப்பேரவையில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்றே திரும்பப் பெறப்பட்டது. அன்று நான் டம்ளரைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தேன். ஏன் என்று என் மனைவி கேட்டாள், பதில் சொல்லவில்லை.

மருமகளின் ஆபீசுக்கு ஒரு குடும்ப தினத்தன்று போயிருந்தேன். மூட்டை மாதிரி இருக்கைகள். விழுந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். காலையில் உங்கள் மனநிலை எப்படி என்று ஐந்து முகப் படங்கள் காட்டிக் கேட்கிற ஒரு திரை. நான் யோசித்துப் பார்த்தேன்: எங்கள் கேட்டில் அப்படி ஒன்று இருந்திருந்தால் முந்நூறு பேரும் ஐந்தாவது முகத்தைக் குத்தியிருப்பார்கள், நான் அதையும் சிவப்பு மையில் பதிந்திருப்பேன். சுற்றிக் காட்டிய இளைஞர் மிகப் பெருமையாக ஒன்று சொன்னார்: ஒவ்வொரு தளத்திலும் டீ மெஷினை வேண்டுமென்றே ஒரு கோடியில் வைத்திருக்கிறார்களாம். ஆட்கள் நடந்து வர வேண்டும், வேறு வேறு பிரிவினர் வழியில் சந்தித்துப் பேச வேண்டும், அந்தப் பேச்சில்தான் புதிய யோசனைகள் பிறக்குமாம். “இன்னோவேஷன், அங்கிள்.” பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டேன். எந்தப் பெட்டியில் யார் இதை எழுதிப் போட்டார்களோ, எத்தனை டம்ளர் கிடைத்ததோ!

அதே மருமகள் ராத்திரி பத்து மணிக்கு, தோசைக்கல்லை அணைத்துவிட்டு அமெரிக்காக்காரர்களோடு பேச உட்காருகிறாள். சங்கு கிடையாது, அதனால் வேலை தொடங்குவதும் தெரிவதில்லை, முடிவதும் தெரிவதில்லை. வேலை நேரம் முடிந்தால் தொலைபேசியை எடுக்காமலிருக்க உரிமை வேண்டும் என்று 2018-இல் மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. சிவப்பு மையைச் சபித்தவர்களுக்குக்கூட ஐந்து மணிச் சங்கு கேட்டதும் ஒரு கறுப்பு மை குத்து உண்டு, அதற்குப் பிறகு அவர்கள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

போன நவம்பரில் பென்ஷனுக்கு உயிர்ச் சான்று கொடுக்கப் போனேன். நீங்கள் உயிரோடிருக்கிறீர்களா என்று விரல் ரேகையைக் கேட்கிற வரிசை. முன்னால் நின்ற கிழவரின் விரலை இயந்திரம் ஏற்க மாட்டேன் என்றது. முப்பது வருஷம் இரும்புச் சுருளில் தேய்ந்த விரல், ரேகை எங்கே இருக்கும்? ஒருவழியாக முகத்தைப் படம் பிடித்து அவர் உயிரோடிருப்பதாக ஒப்புக்கொண்டார்கள். திரும்பியவர் என்னைப் பார்த்துக் கண்ணை இடுக்கினார்.

“அட, டைம் ஆபீசு!”

டீ குடிக்கலாம் என்றார். எதிரிலேயே ஒரு கடை இருந்தது. அது வேண்டாம், முக்குக் கடைக்குப் போவோம் என்றேன். மெதுவாக நடந்தோம். பேரனுக்கு ஓலாவில் வேலை, மகளுக்கு முழங்கால், சீட்டுப் பணத்தை அமுக்கிக்கொண்டு ஓடிய பெயிண்ட் ஷாப் ஆள் போன வருஷம் செத்துப்போனது என்று எல்லாம் வந்தது. கடை வாசலை மிதித்தபோது, மருமகள் என் கையில் கட்டிவிட்டிருந்த கடிகாரம் உறுமி, மினுக்கென்று ஒரு வாணவேடிக்கை காட்டியது. இன்றைய நடையை முடித்துவிட்டேனாம், பாராட்டுகிறதாம்.

“என்னய்யா அது?” என்றார். சொன்னேன்.

“எவ்ளோ குடுப்பான், இருபத்தஞ்சா?”