கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அமெரிக்க அரசியல் சாசனத்தை எழுத ஒன்றுகூடியவர்கள் அத்தனை பேரும் மகான்கள்தானா?

பதில்: லூதர் மார்ட்டினும் போயிருந்தாரே! மேரிலாந்து மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல், பெரிய வக்கீல், பெரிய குடிகாரர். 1787 ஜூன் மாதப் புழுக்கத்தில், பலமான மத்திய அரசு வந்தால் சின்ன மாநிலங்களைப் பெரியவை விழுங்கிவிடும் என்று மூன்று மணி நேரத்துக்கு மேல் முழங்கினார். தெம்பு தீர்ந்ததும் உட்கார்ந்தார். சபை நிம்மதியாக மூச்சுவிட்டிருக்கும். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கடைசியில் கையெழுத்துப் போடாமலே ஊருக்குக் கிளம்பிவிட்டார். அடிமை வியாபாரத்துக்குச் சாசனம் இடம் கொடுத்ததையும் கண்டித்தார். அவரிடமும் அடிமைகள் இருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

கேள்வி: மத்திய அரசை அப்படி எதிர்த்தவர், அப்புறம் மத்திய அரசுக்காரர்களான பெடரலிஸ்ட் கட்சியோடு சேர்ந்தது ஏன்?

பதில்: மாமனாருக்காக! பூர்வகுடித் தலைவர் லோகனின் குடும்பத்தைக் கொன்றவர் மைக்கேல் கிரசாப் என்று, பெடரலிஸ்டுகளின் எதிரியும் பின்னாளில் ஜனாதிபதியானவருமான ஜெபர்சன் தன் புத்தகத்தில் எழுதியிருந்தார். கிரசாப்பின் மகள்தான் மார்ட்டினின் மனைவி. மாமனார் எப்போதோ காலமாகிவிட்டார், மாப்பிள்ளை விடவில்லை. பத்திரிகைகளில் கடிதம் கடிதமாக வெளுத்துக்கட்டினார். அதன்பின் ஜெபர்சனுக்கு வேண்டாதவர் யாரோ, அவர் மார்ட்டினின் கட்சிக்காரர். 1805-ல் சுப்ரீம் கோர்ட் நீதிபதி சாமுவேல் சேஸைப் பதவியிலிருந்து தூக்க ஜெபர்சன் கட்சியினர் பார்த்தார்கள். மார்ட்டின் செனட்டில் வாதாடிக் காப்பாற்றினார். 1807-ல் முன்னாள் துணை ஜனாதிபதி ஆரன் பர் மீது தேசத்துரோக வழக்கு, மார்ட்டின் வாதாடிய அதிலும் விடுதலை. ஜெபர்சன் மார்ட்டினைப் புல்டாக் என்றார். கடித்த இடம் வலித்திருக்கும்.

கேள்வி: குடியை நிறுத்தவே இல்லையா?

பதில்: வழக்கு முடியும்வரை குடிக்க மாட்டேன் என்று ஒரு கட்சிக்காரருக்கு வாக்குக் கொடுத்தாராம். பிராந்தியில் ரொட்டியை ஊறவைத்துச் சாப்பிட்டாராம். கதைதான். ஆனால் வக்கீல் மூளைக்குப் பொருத்தமான கதை!

கேள்வி: சம்பாதித்ததெல்லாம் என்ன ஆயிற்று?

பதில்: குடியும் கடனும் தின்றன. 1819-ல், மத்திய வங்கிக்கு மாநிலம் வரி போடலாமா என்ற மெக்கலக் வழக்கில் மேரிலாந்துக்காக, தலைமை நீதிபதி மார்ஷலின் பழைய பேச்சையே அவருக்குப் படித்துக் காட்டி வாதாடினார், தோற்றார். அதே ஆண்டு பக்கவாதம். 1822-ல் மேரிலாந்து சட்டசபை, மாநிலத்தில் தொழில் செய்யும் ஒவ்வொரு வக்கீலும் மார்ட்டினுக்காக ஆண்டுக்கு 5 டாலர் கட்ட வேண்டும் என்றது. பிறகு, தூக்குக் கயிற்றிலிருந்து தப்பிய அதே பர், நியூயார்க்கில் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். 1826 ஜூலையில், ஜெபர்சன் போன சில நாளிலேயே மார்ட்டினும் போனார்.

கேள்வி: வக்கீல்கள் அந்த 5 டாலரைச் சந்தோஷமாகக் கொடுத்தார்களா?

பதில்: மறு ஆண்டே ரத்து. பீஸ் வாங்கித்தானே அவர்களுக்குப் பழக்கம்!