உடைஞ்சது கணக்கில்ல

நவராத்திரிக்கு நாலு நாள் இருக்கும்போது அந்தக் காகிதம் வந்தது. வெறும் வயிற்றில் 112, மூன்று மாதச் சராசரி 6.1. டாக்டர் 6.1-ஐப் பேனாவால் வட்டமிட்டு, "பார்டர்ல இருக்கீங்க சார்" என்றார். அப்பாவின் முகத்தில் ஒரு நிம்மதி. பார்டர் என்றால் இன்னும் நம்ம நாட்டுக்குள்ளேதான் இருக்கிறோம் என்று அவர் எடுத்துக்கொண்டார். எல்லை என்றால் காவல் போட வேண்டும் என்று அம்மா எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினார்.

திருச்சி உறையூரில் இரண்டாவது மாடி ஃபிளாட். அம்மாவுக்கு வங்கி வேலை, ஆகவே கணக்கில் பிசகு பொறுக்காது. அப்பா கிடைத்ததைச் சாப்பிடுகிறவர். அவருக்கு எப்போதும் ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கும். ஒன்பதாவது படிக்கும் மகள், ஐந்தாவது படிக்கும் பையன், திருநெல்வேலியிலிருந்து வந்து ஆறு வருடமாக இருக்கும் ஆச்சி. அடுப்படியில் அதிகாரம் அம்மாவுடையது, அபிப்பிராயம் ஆச்சியுடையது.

காகிதத்தைப் படித்துவிட்டு ஆச்சி கேட்ட கேள்வி நியாயமானது. "ஏம்மா, வருசம் பூரா சும்மா இருந்துட்டு, தீவாளி வரும்போதுதான் இத எடுத்துப் பாக்கணுமா?"

அப்பா தனியாள் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையின் மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்றது அது. அப்பா மாதிரி பார்டரில் நிற்பவர்கள் அவர்களைவிட அதிகம், 13.6 கோடி. "அவ்வளவு பேரா? அப்ப நல்ல கூட்டம்தான்" என்று அப்பா சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அம்மா எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கினார். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியைப் படித்தார். ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்க வேண்டும், அதாவது சுமார் ஆறு டீஸ்பூன். அதற்கடுத்து மைசூர்பாகுக்குக் கணக்குப் போட்டார். ஒரு கப் கடலை மாவு, இரண்டு கப் சர்க்கரை, இரண்டு கப் நெய். இரண்டு கப் சர்க்கரை 400 கிராம். தட்டில் கொட்டி வெட்டினால் முப்பது துண்டு. ஒரு துண்டில் 13 கிராம் சர்க்கரை, கிட்டத்தட்ட அதே அளவு நெய். கிராமுக்கு நெய் 9 கலோரி, சர்க்கரை 4 கலோரி. மாவையும் சேர்த்தால் துண்டுக்கு 180 கலோரிக்குக் குறையாது.

"இரண்டு துண்டு சாப்பிட்டா அன்னிக்குக் கோட்டா முடிஞ்சுது" என்று அறிவித்தார்.

வீட்டில் ஒருவரும் இதைத் தடையாகக் கேட்கவில்லை, அனுமதியாகக் கேட்டார்கள். "அப்ப காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்றான் பையன். அப்பா அன்று மாலையே காபியில் சர்க்கரையை நிறுத்தினார். தியாகம் மாதிரி தெரிந்தது. மைசூர்பாகுக்காக அவர் போட்ட சேமிப்புக் கணக்கு என்பது பிறகுதான் புரிந்தது.

நவராத்திரி அம்மாவின் பக்கம். பண்டிகைகளிலேயே பயறு வகைக்கு இவ்வளவு மரியாதை தருவது வேறெதுவும் இல்லை. கொண்டைக்கடலை, மொச்சை, பட்டாணி, தட்டைப்பயறு, பாசிப்பயறு, வேர்க்கடலை என்று நாளுக்கொன்றாக வேகவைத்துத் தாளித்தார். புரதம், நார்ச்சத்து, மேலே தேங்காய்த் துருவல். ஐந்தாம் நாள் பையன் வாசலில் நின்று, கொலு பார்க்க வருகிறவர்களிடம் "உங்க வீட்ல இன்னிக்குக் கேசரியா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தான். ஏழாம் நாள் அப்பா பால்கனிக் கதவைத் திறந்து வைத்துத் தூங்கினார். காரணத்தை அவரும் சொல்லவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை.

நடுவில் பையனின் பிறந்தநாள் வந்தது. அம்மா கேழ்வரகு மாவும் பேரீச்சம்பழமும் போட்டு கேக் செய்தார். மைதாவில் இருக்கும் குளூட்டன் இழுத்துப் பிடித்துக் காற்றை உள்ளே வைத்துக்கொள்கிறது, கேக் உப்புகிறது. கேழ்வரகில் அது இல்லை. கால்சியம் ஏராளமாக இருக்கிறது, ஆனால் கால்சியம் கேக்கைத் தூக்கி நிறுத்தாது. மெழுகுவர்த்தியைச் செருகியபோது அது சாய்ந்தது, கேக்கும் சேர்ந்து சாய்ந்தது. பையனின் நண்பன் ஒருவன் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஆன்ட்டி, இது கேக்கா, களியா?" என்று மரியாதையாகவே கேட்டான்.

ஆச்சிக்குப் பேரானந்தம். "களின்னே சொல்லிக் குடுத்திருக்கலாம். நல்லெண்ணெய் ஊத்தி நல்லா இருந்திருக்கும்."

ஐப்பசி பிறந்ததும் போர் அடுப்படிக்கு நகர்ந்தது. முதல் சண்டை முறுக்கு. அம்மா அதை ஏர் ஃப்ரையரில் செய்வதாக முடிவெடுத்தார். கொதிக்கும் எண்ணெயில் மாவு விழுந்ததும் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகிச் சீறிக்கொண்டு வெளியேறும். அது வெளியேறிய வழியெல்லாம் நுண்ணிய துளைகள். முறுக்கு வாயில் வைத்ததும் பொரிந்து உடைவது அந்தத் துளைகளால்தான். ஏர் ஃப்ரையர் என்பது உள்ளே விசிறி வைத்த குட்டி அவன். சூடான காற்றுக்கு அந்த வேகம் கிடையாது. மாவு மெதுவாக வறண்டது. இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தவை பார்க்க முறுக்கு மாதிரியே இருந்தன. ஒன்று கைதவறித் தரையில் விழுந்தது. முறுக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆச்சி ஒன்றை எடுத்துக் கடைவாயில் வைத்தார், திரும்ப எடுத்துப் பார்த்தார், வைத்துவிட்டார். "இதத் தின்னா பல்லு போயிரும். பல்லு போனா பலகாரம் திங்க முடியாது. பலகாரம் திங்காட்டி சர்க்கரை கொறையும். நல்ல வைத்தியந்தாம்மா."

அம்மா எண்ணெய்ச் சட்டியை எடுத்தார். அன்று ஆச்சியிடம் கற்றுக்கொண்டதும் உண்டு. எண்ணெய் சரியாகக் காயாமல் பிழிந்தால் முறுக்கு எண்ணெய் குடிக்கும். காய்ந்த பிறகு போட்டு, எடுத்ததும் வடிதட்டில் நிறுத்தி வடியவிட்டால் குடிப்பது குறையும். பொரித்த பண்டம் எண்ணெயைப் பெருமளவு உள்ளே இழுப்பது சட்டியிலிருந்து எடுத்து ஆறும் நேரத்தில்தான் என்று உணவு அறிவியலும் சொல்கிறது. ஆவி அடங்கியதும் துளைகள் வெளியில் ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்கின்றன. ஆச்சி அதிரசத்தை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து அமுக்கிப் பிழிவதும் இதற்காகத்தான். "எங்கம்மா செஞ்சா, நானும் செய்யுதேன்" என்பதுதான் ஆச்சி சொன்ன காரணம்.

இரண்டாவது சண்டை இனிப்பு. வெள்ளைச் சர்க்கரை வேண்டாம், வெல்லம் போடலாம் என்று அம்மா இறங்கிவந்தார். ஆச்சி உடன்குடிக் கருப்பட்டியை எடுத்து வைத்தார். இருவரும் சமாதானமான நேரத்தில் மகள் மொபைலில் தேடிப் படித்துக் காட்டினாள்: வெல்லத்திலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், கருப்பட்டியும் அந்தக் குடும்பம்தான். கொஞ்சம் தாதுச்சத்து கூட இருக்கும், உடம்புக்குள் போனால் சர்க்கரைக் கணக்கில்தான் வரவு. மாமியாரும் மருமகளும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து அவளைப் பார்த்தார்கள். "போய்ப் படி" என்று இரண்டு குரல் ஒரே நேரத்தில் வந்தது.

கடைசியில் மூன்று பலகாரம், அதற்கு மேல் கிடையாது என்று ஒப்பந்தம். முறுக்கு, அரைக் கிலோ மைசூர்பாகு, ஆச்சியின் முந்திரிக்கொத்து. முந்திரிக்கொத்தில் முந்திரி கிடையாது. வறுத்த பாசிப்பயற்று மாவில் பாகும் எள்ளும் தேங்காயும் சேர்த்து உருட்டி, அரிசிமாவுக் கரைசலில் தோய்த்து, இரண்டு மூன்றாகக் கொத்தாய் ஒட்டும்படி எண்ணெயில் போடுவது. "இதுல பயறுதானே இருக்கு? நீ சொல்லுத புரோட்டீன்தானே?" என்றார் ஆச்சி. சுண்டலுக்கு ஆதரவாக ஒன்பது நாள் பேசிய அம்மாவுக்குப் பதில் வரவில்லை.

தீபாவளி காலை ஆறு மணிக்கு மருந்து. சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, ஓமம் எல்லாம் இடித்துச் சலித்துக் கிளறிய லேகியம். செரிமானத்துக்கு என்றுதான் பெயர். கிளறும்போது அதில் இறங்கும் வெல்லமும் நெய்யும் நல்லெண்ணெயும் எவ்வளவு என்று அம்மா தராசில் பார்த்திருந்தார். "ஒரு நெல்லிக்காய் அளவு போதும்" என்றார். அப்பா மனதில் இருந்தது அருநெல்லி இல்லை, பெருநெல்லி. பையன் கையை நீட்டிக்கொண்டு, "மருந்துன்னா மூணு வேளை தானேம்மா?" என்றான்.

ஒன்பது மணிக்கு அம்மாவின் திட்டத்தில் இருந்த ஓட்டை தெரிந்தது. வீட்டில் எவ்வளவு செய்வது என்று கணக்குப் போட்டவர், வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று போடவில்லை. முதலில் எதிர் ஃபிளாட்டிலிருந்து தட்டு வந்தது: லட்டு, ரிப்பன் பக்கோடா, மைசூர்பாகு. கீழ்வீட்டிலிருந்து பாதுஷா, தேன்குழல், மைசூர்பாகு. மூன்றாவது மாடியில் இருப்பவர்கள் சோன்பப்டியும் பிஸ்தா பர்பியும் டப்பாவோடு கொடுத்தார்கள். தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. கொடுத்தால், வாங்கியவர் அதையும் வெறுமையாகத் திருப்ப மாட்டார். பதினோரு மணிக்கு அம்மா செய்த அரைக் கிலோ மைசூர்பாகில் நாலு துண்டு மிச்சம். அடுத்த வீட்டு மைசூர்பாகுகள் இருபத்தாறு துண்டு வரவு. வங்கியில் இருபது வருடம் வேலை பார்த்தும், செலவு செய்யச் செய்ய இருப்பு ஏறும் கணக்கை அவர் அன்றுதான் பார்த்தார்.

மறுக்க முயன்றதும் நடந்தது. "எங்க வீட்டுக்காரருக்குப் பார்டர்ல இருக்கு" என்று எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னார். "அய்யோ, அப்படியா?" என்று அந்த அக்கா உள்ளே போய், சர்க்கரை இல்லாத இனிப்பு என்று ஒரு பெரிய டப்பாவை எடுத்துவந்தார். அட்டையைத் திருப்பினால், மாவும் நெய்யும் பால்கோவாவும் ஒன்றும் குறைவில்லை.

பண்டிகை ஒரு நாள்தான், சம்படம் ஒரு மாதம். ஹாலில் ஒன்று, அடுப்படி மேல்தட்டில் ஒன்று, ஆச்சி கட்டிலுக்கடியில் ஒன்று. அம்மா அப்பாவின் பங்கை எண்ணிக் கிண்ணத்தில் வைப்பார், பிள்ளைகளுக்கு எண்ணி டிபன் டப்பாவில் போடுவார். யார் எத்தனை என்று ஃபிரிட்ஜ் காகிதத்தின் கீழ் கட்டம்போட்டு எழுதினார். சாயங்காலம் தெரு முனை வரை நடைக்கு அப்பாவை அனுப்பினார். முனையில் டீக்கடை இருப்பதால் பையனையும் கூட அனுப்பினார். கார்த்திகைக்குப் பொரி உருண்டையைப் பாதியாகக் குறைத்தார். அந்தக் கட்டத்தில் அப்பா, ஆச்சி, மகள், பையன் என்று நாலு பெயர்கள் இருந்தன; ஐந்தாவது பெயர் இல்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

மார்கழி பாதி தாண்டியதும் அப்பாவுக்கு மறுபரிசோதனை. துணைக்குப் போன அம்மாவையும் லேபில் உட்காரவைத்து, "நீங்களும் ஒரு தடவை பாத்துருங்க மேடம்" என்றார்கள். பார்த்தார்.

அப்பாவுக்கு 5.9. அம்மாவுக்கு 5.8.

பார்டர் 5.7-இல் ஆரம்பிக்கிறது.

"நான் எங்கங்க சாப்பிட்டேன்?" என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. இலையில் அவருக்கென்று எவரும் இனிப்பு வைக்கவில்லை, கிண்ணத்தில் எடுத்து உட்கார்ந்து சாப்பிட்ட ஞாபகமும் இல்லை.

மகள்தான் விசாரணையை நடத்தினாள். "முறுக்குல உப்பு பாத்தது யாரு?" நான்தான். "எத்தனை தடவை?" ஈடுக்கு ஒன்று. "உடைஞ்ச முறுக்கெல்லாம் என்னாச்சு?" உடைந்ததைத் தட்டில் வைத்துக் கொடுக்க முடியுமா? "மைசூர்பாகு வெட்டும்போது ஓரத்துல உதிர்ந்தது?" அது தூள்தானே. "தம்பி பாதி கடிச்சு வச்ச பாதுஷா?" எறியச் சொல்கிறாயா? "ராத்திரி சம்படம் கழுவறப்ப அடியில இருந்தது?"

"ஏட்டி, உடைஞ்சது கணக்கில்ல" என்று ஆச்சி குறுக்கே வந்தார். "நான்லாம் அறுபது வருசமா உடைஞ்சதத்தான் திங்கேன்."

ரத்தத்தில் அந்த விதிவிலக்கு கிடையாது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அத்தனை நாளும் அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அந்தப் பரிசோதனை அளக்கிறது. முழுசு, உடைசல், தூள், உட்கார்ந்து தின்றது, நின்றுகொண்டே வாயில் போட்டது எல்லாம் ஒரே பேரேட்டில் ஏறுகின்றன. நவராத்திரிக் கேசரியிலிருந்து கார்த்திகை அப்பம்வரை ஒரு பதிவும் விடுபடவில்லை.

அம்மாவின் காகிதத்தை அப்பா தன்னுடையதற்குப் பக்கத்தில் மாட்டினார். காந்தம் ஒன்றுதான் இருந்தது. இரண்டையும் சேர்த்தே பிடித்தது. கட்டத்தில் மகள் ஐந்தாவது வரிசை கிழித்து, "அம்மா" என்று எழுதினாள். பக்கத்தில் இன்னொரு பத்தி: "உடைஞ்சது".

பதினோரு நாளில் பொங்கல். வெல்லத்தை அரிசிக்குச் சமமாக மட்டும் போட்டார், நெய்யை அளந்து ஊற்றினார், முந்திரியை எண்ணி வறுத்தார். எல்லோருக்கும் சின்னக் கிண்ணத்தில் ஒரு கரண்டி. தனக்கும் ஒரு கிண்ணம் வைத்து, உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துப் பையன், "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஆச்சியிடம் மெதுவாகக் கேட்டான்.

சாப்பிட்டு முடித்துப் பானையை எடுத்துக்கொண்டு அம்மா தொட்டிப் பக்கம் போனார். பானையின் அடியில், நெய்யும் வெல்லமும் சேர்ந்து லேசாக முறுகிப் பிடித்த அந்த வட்டம் இருந்தது. கை தானாகக் கரண்டியை எடுத்தது. திரும்பிப் பார்த்தால், அடுப்படி வாசலில் அப்பா ஒரு ஸ்பூனோடு நின்றார். அவருக்குப் பின்னால் பையன், கையில் ஸ்பூன். ஆச்சிக்கு ஸ்பூன் பழக்கமில்லை, வெறும் கையோடு வந்திருந்தார்.

மகள் நால்வரையும் விலக்கிக்கொண்டு வந்து, மேடையில் தராசை வைத்துப் பட்டனை அமுக்கினாள். "சுரண்டினத மொதல்ல இதுல வைங்க" என்றாள்.