சீயக்காய்க்கு இசைவாணை கோரும் விண்ணப்பம்

மகாகனம் பொருந்திய தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் சமூகத்திற்கு, ராயக்கோட்டைவாசி ஒருவன் நமஸ்காரத்துடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பை, உறிஞ்சுகுழல், தண்ணீர்ப் பாக்கெட், தெர்மாகோல் தட்டு முதலான 14 வகை வஸ்துக்களை அரசாங்கம் தடைசெய்ததும், 2021 டிசம்பரில் மஞ்சப்பை மீண்டும் பட்டாபிஷேகம் செய்துகொண்டதும் சமூகம் அறிந்ததே. அப்பட்டியலில் பிளாஸ்டிக் கொடியும் அடக்கம் என்பதைத் தேர்தல் காலத்தில் எந்தத் தெருவைப் பார்த்தவரும் நம்பமாட்டார், அது நிற்க. சட்டம் கேட்டதற்கு ஒரு படி மேலே போவோமே என்ற உற்சாகத்தில் அடியேன் என் வீட்டுக் குளியலறையையும் சமையலறையையும் சீர்திருத்தத் தலைப்பட்டேன்.

முதலில் மூங்கில் பிரஷ். பிடி மூங்கில்தான், சந்தேகமில்லை. பல்லைத் தொடும் நார் மட்டும் நைலான். அட்டைப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே அதற்கென்று தனியாக ஒரு பிளாஸ்டிக் உறை. பாத்திரம் துலக்கத் தேங்காய் நாரும் சாம்பலும் போதும் என்று தீர்மானித்த பிறகோ, காஸ் அடுப்பு எரியும் வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது என்ற தர்மசங்கடம் எழுந்தது. அதையும் பொட்டலம் கட்டி, சோப்பைக் காட்டிலும் அதிக விலைக்கு விற்கும் புண்ணியவான்கள் இருக்கிறார்கள். எங்கள் தக்காளி மண்டியில் அடுக்கடுக்காய் நிற்கும் பிளாஸ்டிக் கிரேடுகளை நான் குறைகூறேன். அவை வருஷக்கணக்கில் உழைப்பவை. ஒரே ஒரு ஸ்நானத்தோடு ஆயுள் முடிந்து, ஆனால் பூமியை விட்டுப் போக மறுக்கும் ஷாம்பு பாக்கெட்டோ, அந்த 14 வகையில் எதிலும் சேராமல், பெட்டிக்கடை தோறும் தோரணமாய்த் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே தலைக்குச் சீயக்காய்.

கடைசியாக, துணிக்குப் பூந்திக்கொட்டை. இரவெல்லாம் ஊறவைத்து, கொதிக்கவைத்து, கொட்டையை நீக்கித் தோலைப் பிசைந்து வடிகட்டிய அந்த மங்கிய நீரைப் பார்த்து என் மனைவி, "நுரையே வரலியேங்க, அழுக்கு எப்படிங்க போகும்?" என்றாள்.

நுரைக்குப் பஞ்சம் என்று வருந்துவோர் ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு யாத்திரை போகலாம். பெங்களூரின் எண்ணற்ற வீடுகளும் ஆலைகளும் கழித்துவிட்ட நீர், பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியே தென்பெண்ணையில் கலந்து, சலவைத்தூள் சத்தையெல்லாம் சுமந்துகொண்டு எல்லை தாண்டி வந்து, மதகிலிருந்து விழும் வேகத்தில் மத்திட்ட மோர்போல் கடையப்பட்டு, மலை மலையாய்ப் பொங்கி, சில சமயம் காற்றில் எழும்பிப் பக்கத்து வயல்களிலும் இறங்குகிறது. ஜூஜூவாடிச் சோதனைச் சாவடியில் லாரிக்காரர் காகிதம் காட்டவேண்டும். நுரை யாருக்கும் எதையும் காட்டியதில்லை. அதை அள்ளிக் கரையேற்ற எத்தனை முழத்தில் மஞ்சப்பை தைப்பது என்று கணக்குப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

இனி, அடியேனின் பிரார்த்தனைக்கு வருகிறேன். 1974ஆம் வருஷத்து நீர்ச் சட்டத்தின்படி, கழிவுநீரை வெளியே விடும் ஆலை எதுவும் சமூகத்தின் இசைவாணையைப் பெறவேண்டும் என்றும், ஆலைகளுக்குச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை முதலிய வர்ணப் பாகுபாடு உண்டு என்றும் கேள்விப்படுகிறேன். என் வீட்டுக் குளியலறையிலிருந்து கொஞ்சம் சீயக்காய் நீரும் பூந்திக்கொட்டை நீரும் முருங்கை மரத்தடிக்குப் போகின்றன. இவை எந்த வர்ணத்தைச் சேர்ந்தவை, கட்டணம் எவ்வளவு, எத்தனை பிரதிகளில் மனுச் செய்யவேண்டும் என்பதைத் தெரிவித்தருள வேண்டும். அதில் சிரமம் ஏதேனும் இருந்தால், மேற்படி நுரைக்கு இசைவு தந்த அலுவலகத்தின் விலாசத்தை மாத்திரம் தந்தால் போதும். நான் அங்கேயே விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கீழ்ப்படிதலுள்ள
ராயக்கோட்டைப் பிரஜை