ஒண்ணும் செய்யாது தம்பி

“ஒண்ணும் செய்யாது தம்பி, பயப்படாம நில்லுங்க.”

சொல்கிறவர் நாற்பதடி தள்ளி நிற்கிறார். நாயோ என் முழங்காலில் மூக்கை வைத்து முகர்ந்துகொண்டிருக்கிறது. செயின் எங்கே என்று பார்த்தால் அவர் கழுத்தில் தொங்குகிறது, மைனர் செயின் மாதிரி. நாய்க்கு ஒரு செயின்கூட வாங்காத கஞ்சர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. நல்ல கனமான செயினாகத்தான் வாங்கியிருக்கிறார். போட்டுக்கொள்கிற ஆள்தான் மாறிவிட்டார்.

அந்தச் ‘செய்யாது’ இருக்கிறதே, அதைக் கொஞ்சம் நின்று ரசிக்க வேண்டும். எதிர்மறை வினைமுற்று முக்காலத்துக்கும் பொது என்று பள்ளிக்கூடத்தில் தமிழய்யா நடத்தினார். நேற்றும் செய்யாது, இன்றும் செய்யாது, நாளையும் செய்யாது. அன்றைக்கு மண்டையில் ஏறாத பாடம், மதுரைக்கு வெளியே இந்தக் காலனியில் வீடு கட்டிக் குடிவந்த பிறகுதான் ஏறியது. மனிதர் ஒரே சொல்லில் மூன்று காலத்துக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார்.

நாய் பாய்ந்த மறுநொடி, முக்காலமும் நிகழ்காலமாகச் சுருங்கிவிடும். “வெளாடுது தம்பி.” என் பூனையின் வால் நாயின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போதும் அது விளையாட்டுதான். பூனைக்கு விளையாடத் தெரியவில்லை என்பது போல அவர் முகத்தில் ஒரு வருத்தம்கூடத் தெரியும். எல்லாம் முடிந்ததும் இறந்தகாலம்: “இதுவரைக்கும் இப்பிடிச் செஞ்சதே இல்லையே!” இந்த ‘இதுவரைக்கும்’ நான் கேட்க இந்த ஆண்டில் ஆறு முறை வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் அதுதான் முதல் முறை. ஆறாவது முறை அவர் முகத்தில் இருந்த அதிர்ச்சியைப் பார்த்து நானே ஒரு கணம் நம்பிவிட்டேன்.

கடைசியாக, அரை மணி நேரம் கழித்து, டீ குடித்துத் தெளிந்த பிறகு தீர்ப்பு வரும். “உங்க பூனை ஏன் தம்பி ஓடுச்சு? ஓடாம நின்னிருந்தா ஒண்ணும் செஞ்சிருக்காதுல்ல?”

குற்றவாளி பூனை என்று முடிவாகிவிடும்.

என் பூனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட உயிர் இந்தத் தெருவில் அது ஒன்றுதான். “ஒண்ணும்...” என்று அவர் குரல் தெருமுனையில் கேட்கும்போதே கைப்பிடிச்சுவர், சன்ஷேடு, மொட்டைமாடி என்று மூன்றே தாவலில் சின்டெக்ஸ் தொட்டியின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். “செய்யாது” வந்து சேரும்போது அது மேலே பாதத்தை நக்கிக்கொண்டிருக்கும். அவர் நாய்க்குக் கொடுத்த பயிற்சி எல்லாம் என் பூனைக்குத்தான் பலித்திருக்கிறது. ஒரே ஒரு தடவை அவசரத்தில் முருங்கை மரத்தில் ஏறியது. முருங்கைக் கிளையின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். அது ‘இதுவரைக்கும்’ நம்பர் நான்கு.

நாய் சிப்பிப்பாறை. பெயர் சீசர். அழகில் குறை சொல்ல முடியாது. ஒட்டிய வயிறு, நீண்ட முகம், ஓடும்போது கால் நான்கும் தரையில் படுகிறதா என்றே சந்தேகம் வரும். 2005-இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை போட்டவர்கள் சிப்பிப்பாறையை விட்டுவிட்டார்கள் என்ற ஆற்றாமை அவருக்கு இன்றும் உண்டு. 2020-இல் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களின் பெயர்களைச் சொன்னபோது சிப்பிப்பாறையும் அதில் வந்தது. அந்த வார்த்தையை மட்டும் வெட்டிச் செல்போனில் வைத்திருக்கிறார். என் பூனையை நாய் துரத்திய அன்று சமாதானமாக அதைத்தான் எனக்குப் போட்டுக் காட்டினார்.

நாயின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டேன். வேட்டை என்பது ஒரு சங்கிலித் தொடர் என்றார். முதலில் காண்பது, அப்புறம் வெறித்துப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது. மனிதன் தன் வசதிக்கு ஏற்ப ஒவ்வொரு இனத்திலும் ஒரு கண்ணியை வளர்த்து இன்னொன்றை மழுக்கியிருக்கிறான். ஆடு மேய்க்கும் கோலி நாய் வெறிக்கும், பதுங்கும், துரத்தும். அதோடு நிற்க வேண்டும். லாப்ரடார் சுடப்பட்ட வாத்தைப் பல் படாமல் கவ்விக் கொண்டுவர வேண்டும். சிப்பிப்பாறையோ கண்ணால் பார்த்து முயலை விரட்டிப் பிடிக்கவென்றே நம் ஆட்கள் வளர்த்த நாய். அதில் ஒரு கண்ணியும் அறுபடவில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, முயல் பிடித்தால் குற்றம் என்று ஆகிவிட்டது. செய்தி இன்னும் அதன் கால்களுக்குப் போய்ச் சேரவில்லை. எதிரே எது ஓடினாலும் கால் தானாகக் கிளம்பிவிடும். அதில் கோபமும் இல்லை, பகையும் இல்லை. வீட்டுக்குள் கூடவே வளர்ந்த பூனையோடு ஒரே சாக்கில் படுத்துத் தூங்கும் நாயே தெருப்பூனை ஓடினால் பாயும் என்றார் மருத்துவர். ஆக, “ரொம்பச் சாது தம்பி” என்று நம்மவர் சொல்வது பொய்யில்லை. சாதுதான். சாதுவாகத்தான் கொல்லும்.

வைத்தியமும் பெரிய ரகசியம் இல்லை. நாய் பாய்ந்த பிறகு கத்துவது வீண். வெறித்துப் பார்க்கும் அந்த இரண்டு விநாடியில் பிடிக்க வேண்டும். காது நிமிர்ந்து, உடம்பு விறைத்து, வால் அசையாமல் நிற்கும்போதே கூப்பிட வேண்டும். திரும்பிப் பார்த்தால் ஒரு துண்டு கோழிக்கறி. பூனை தூரத்தில் தெரிகிற இடத்திலிருந்து ஆரம்பித்து, நாள் கணக்கில், வாரக் கணக்கில் கிட்டே கொண்டுவர வேண்டும். அதுவரை செயினோ, முப்பதடி நீளக் கயிறோ கட்டாயம். பழகிய பிறகும் ஆளில்லாத நேரத்தில் நாயையும் பூனையையும் சேர்த்து விடக் கூடாது. இவ்வளவுதான்.

நம்மவர் முறை வேறு. நாய் போய் மறைந்த பிறகு தொடங்குவார். “சீசர்! நோ! கம் ஹியர்! சீசர், பேட் பாய்!” மனைவியிடம் தமிழ், பால்காரரிடம் தமிழ், பேங்க் மேனேஜரிடமும் தமிழ். விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலில் தலைமுறை தலைமுறையாக “ஏ, வாடா” கேட்டு வளர்ந்த வம்சத்திடம் மட்டும் இங்கிலீஷ். சீசருக்கு அதெல்லாம் ஓட்டத்துக்குப் பின்னணி இசை.

பின் தெருப் பாட்டியின் கோழிகளைப் பற்றிச் சிரித்துக்கொண்டே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. சீசர் கொன்றது நான்கு கோழி. ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. முட்டை விற்றுத்தான் அந்த அம்மாள் மாத்திரை வாங்குகிறார். இவர் கோழிக்கு ஐந்நூறு வீதம் எண்ணிக் கொடுத்துவிட்டு, “அதான் காசு குடுத்துட்டேன்ல” என்றார். பாட்டி ரூபாயை முந்தியில் முடிந்துகொண்டு கேட்டார்: “ஏய்யா ராசா, இந்த நோட்டு குஞ்சு பொரிக்குமா?” அதற்கு அவரிடம் எந்தக் காலத்திலும் வினைமுற்று கிடைக்கவில்லை. பிறகு யாரோ சொன்னார்கள் என்று, செத்த கோழி ஒன்றை நாயின் கழுத்தில் ஒரு நாள் முழுக்கக் கட்டிவிட்டார், வெட்கப்பட்டுத் திருந்திவிடுமாம். சீசர் அதைப் பதக்கம் போலச் சுமந்துகொண்டு தெருத்தெருவாக உலா வந்தது. பார்த்தீர்களா, கோழியைக் கட்டுவதற்குக் கழுத்து கிடைக்கிறது. செயினைக் கட்ட மட்டும் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் ஆள் கெட்டவர் இல்லை. அந்த முருங்கைமர நாளில் இரவு பதினொரு மணிக்கு டார்ச்சும் பால் கிண்ணமுமாக வந்து, சாக்கடை ஓரம் முட்டி போட்டு, “வாம்மா, ஒண்ணும் செய்யாதும்மா” என்று என் பூனையை முக்கால் மணி நேரம் கெஞ்சியவர் அவர்தான். பூனை வரவில்லை. அந்த வாக்கியம் இல்லாமல் கூப்பிட்டிருந்தால் வந்திருக்கும்.

அமாவாசை தவறாமல் குளித்து, நெற்றி நிறையத் திருநீறோடு மொட்டைமாடியில் காக்காய்க்குச் சோறு வைப்பார். பருப்பு, நெய், வாழைக்காய்ப் பொரியல், வடை. “கா... கா...” என்பார். காக்காய்கள் இறங்கும். சீசர் படியேறி வரும். அப்புறம் இறக்கைச் சத்தம்தான். அவர் வானத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, “ஒண்ணும் செய்யாதுப்பா, வந்து சாப்புடுங்க” என்பார். காக்காய் வடிவில் வந்திருந்த அவருடைய அப்பாவும் தாத்தாவும் நம்பவில்லை. இலையைச் சீசர் காலி செய்துவிட்டது. “இதுவரைக்கும் இப்பிடி...” என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

நாளைக்குத் தை அமாவாசை. அவர் அங்கே கூப்பிடும்போது நான் இங்கே என் மாடிச் சுவரில் இரண்டு இட்லி வைப்பேன். பூனையை உள்ளே போட்டுக் கதவைச் சாத்திவிட்டுத்தான். போன மூன்று அமாவாசையாக அவருடைய அப்பா எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார்.